முதலில் போட்ட இரண்டாவது சிடி

சார்லஸ்,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிறுதான் உன்னைப் பார்த்தேன். உன் மாமியார் கையால் மூன்றாவது தடவை குஸ்கா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அப்படிச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு குறையும் இருக்காது. எனக்கும் முட்டிவலியைத் தவிர ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் விவேக் நகர் மாடிகளையெல்லாம் ஏறி இறங்கியதற்குக் கிடைத்த சர்டிபிகேட் அது. வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே சர்டிபிகேட்டும் அதுதான், அதையும் காலில் வாங்கியிருக்கிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் "அங்க மழை பெய்யுதாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை நீ, "ஒரே ஊர்லதானப்பா இருக்கோம், இன்னா விஷயம் சொல்லு" என்றாய். விஷயம் தொண்டை வரை வந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதில் தமிழைத் தவிர எல்லாப் பாடத்திலும் ஃபெயிலானவன் நான். அந்த ஒரு பாஸை இன்றைக்குத்தான் உபயோகப்படுத்துகிறேன். உனக்குத் தெரிந்ததையே பல இடங்களில் திரும்ப எழுதியிருப்பேன். பொறுத்துக்கொள். இதைக் கேட்கப் போகிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. சந்தாபுரா மண்டபத்தில் ரிசப்ஷன் அன்று உன் ஆபீஸ் பிள்ளைகள் மைக்கை வைத்துக்கொண்டு உன்னை ஓட்டோ ஓட்டு என்று ஓட்டினார்கள். கடைசியில் நீயே மைக்கை வாங்கி, நாலு பேர் கூடினால் நீ வழக்கமாகச் சொல்லும் அந்தக் கதையைச் சொன்னாய். "எங்கப்பா கேபிள் ஆபீஸ்ல இருந்தாரு. சூப்பர்ஹீரோ படம், ரெண்டு சிடி. எனக்கு ஒன்பது வயசு. ரெண்டாவது சிடிய மொதல்ல போட்டுட்டேன். விவேக் நகர் மொத்தமும் வில்லன் செத்ததப் பாத்துட்டு, அப்பறமா அவன் யாருன்னு பாத்துச்சு!" மண்டபமே சிரித்தது. என் மருமகள் கிரேஸ் கண்மை கரைகிற அளவுக்குச் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். நீ இறங்கி வந்து மைக்கை என் வாயருகில் நீட்டி, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றாய். நான் எழுந்து நின்று, புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாம்மா கிரேஸ், இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்பிடித்தான், பாத்து நடந்துக்கோ" என்றேன். உன்னைவிட எனக்குக் கைதட்டல் அதிகம். உட்கார்ந்தேன். ஐஸ்கிரீம் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு கப் சாப்பிட்டேன் என்பது உண்மை, ஆனால் இறங்கவில்லை.

அந்த சிடியை மாற்றிப் போட்டது நீ இல்லை. நான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

அப்போதெல்லாம் ஒரு படத்தைத் தவறவிட்டால் அது போனதுதான். இப்போது மாதிரி அடுத்த மாதமே போனில் வந்து நிற்காது. அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன், என் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை நீயே பல தடவை கேலி செய்திருக்கிறாய். பகலெல்லாம் பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவன், ஆபத்து என்று யாராவது கத்தினால் நீல முகமூடி போட்டுக்கொண்டு பறப்பான். நீ பேப்பரில் வந்த படத்தை வெட்டி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒட்டிவைத்திருந்தாய். உங்கம்மாவின் நீலப் பாவாடையை முதுகில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தாய், கீழ் உதட்டில் இரண்டு தையல் போட்டோம். "தியேட்டருக்குக் கூட்டிப் போறேன்" என்று சொன்னேன். சொன்ன ஞாயிறு காலையில் காற்றும் மழையுமாக அடித்து, ஈஜிபுரா பக்கம் மரம் விழுந்து நம் லைன் மொத்தமும் அறுந்தது. நான் மரத்துக்கும் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன். நீ ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாயாம். அடுத்த ஞாயிற்றுக்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், "விடுடா, சிடி வரும்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தாயே, அதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றுமுன் "சிடி வந்துடுச்சாப்பா?" என்பாய். பஸ் ஸ்டாப் பக்கத்து வீடியோ கடைக்காரர் உன்னைத் தூரத்தில் பார்த்தாலே இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் அந்தக் கடைக் கண்ணாடியில் நீல முகமூடி போஸ்டர் ஒட்டியது. நீ ஸ்கூல் பையோடு ஓடிவந்து, நான் எந்த மாடியில் இருக்கிறேன் என்று தெருத்தெருவாகக் கேட்டுக் கண்டுபிடித்து, கீழேயிருந்து கத்தினாய்: "அப்பா! அடுத்த வாரம்பா!" ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியில் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். "இன்னாப்பா, யாருக்குக் கல்யாணம்?" என்று அக்கா கேட்டாள். என் கையில் காசு கட்டுக்கட்டாக இருந்த நாள் எதுவும் எனக்கு ஞாபகமில்லை, அப்படி ஒரு நாள் இருந்ததும் இல்லை. ஆனால் அந்த "அடுத்த வாரம்பா" ஞாபகம் இருக்கிறது. காத்திருக்கிற சந்தோஷம் என்று ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியவன் நீ. அதற்கு முதலில் நன்றி.

நம் கேபிள் ஆபீஸைப் பற்றி கிரேஸுக்குச் சொல்லவேண்டும். ஆபீஸ் என்பது முதலாளி நாகராஜண்ணா வீட்டு மொட்டைமாடியில், ஷீட் போட்ட ஒரு அறை. வெளியே இரண்டு டிஷ். உள்ளே பெட்டிபெட்டியாக மிஷின்கள், ஒரு டிவி, ஒரு போன். நம்முடைய சொந்த சேனல் ஒன்று உண்டு. பிறந்தநாள் வாழ்த்து, சர்ச் திருவிழா, சாயங்காலம் ஒரு படம். வாங்கின கேசட்டை இப்படி ஊருக்கே ஓட்டுவது சரியில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டோம். படத்துக்கு முன்னால் வரும் இங்கிலீஷ் எச்சரிக்கையை நான் ரொம்ப நாள், படம் எடுத்தவர்கள் சொல்லும் வணக்கம் என்று நினைத்திருந்தேன். கேசட் போடுவது என் வேலை. அதில் நான் ராஜா என்று எனக்கு நினைப்பு. சொந்த ஊரான தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடிக்கொண்டிருந்தார்கள், என் அப்பா மாதிரி பூமிக்குள் இறங்கிப் பிழைக்கிற வழி எனக்கு இல்லை. ஆகவே மாடிக்கு ஏறிப் பிழைத்தேன். திரும்பிப் போக இடம் கிடையாது.

அந்த வேலைக்கும் ஏற்கனவே ஒரு ஆபத்தை வரவழைத்திருந்தேன். அந்த வருஷம் சர்ச் திருவிழாவில் நவநாள் ஜெபம் போடவேண்டிய நேரத்தில், பெட்டி மாறி, ஒரு டான்ஸ் பாட்டு கேசட்டைப் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் விவேக் நகரில் எத்தனை பேர் முழங்காலில் இருந்தார்களோ. நாகராஜண்ணா கத்தவில்லை. கன்னடமும் தமிழுமாக மெதுவாகத்தான் சொன்னார், யாரைப் பார்த்தாலும் அவருக்கு 'குரு'தான். "நோடு குரு, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா, நீ ஏணிய வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடு. ஆயித்தா?" ஆயித்து, சரி என்று தலையாட்டினேன்.

இந்த நிலையில்தான் படம் வந்தது. ஆபீஸில் அதற்கு முந்தின வாரம்தான் முதல் சிடி பிளேயர் வாங்கி பீரோ மேல் வைத்திருந்தோம். அதுவரைக்கும் எல்லாம் கேசட். நாகராஜண்ணாவே மார்க்கெட் பக்கம் போய்ப் புதுப் படத்தின் சிடியை வாங்கிவந்து, ஞாயிறு மாலை நாலு மணி என்று டிவியில் மூன்று நாள் எழுத்து ஓட்டினார். ஆனேக்கல்லிலிருந்து மச்சினன் குடும்பத்தை வேறு படம் பார்க்க வரவழைத்தார். நான் உன்னை ஆபீஸுக்கே கூட்டிப்போவதாகச் சொன்னேன். ஊருக்கே படம் போடுகிற இடத்தில் உட்கார்ந்து, ரிமோட்டில் நீ அமுக்கினால் ஊரே பார்க்கும். அன்று காலையிலிருந்து நீ சாப்பிடவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, சர்ச் பூசைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய்.

பெட்டியைத் திறந்தால் இரண்டு சிடி. வானவில் மாதிரி பளபளவென்று. இரண்டையும் என் பனியனில் துடைத்தேன். அப்போது நீ சொன்னாய், "அப்பா, அதுல டிஸ்க் டூன்னு போட்டிருக்கு." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை ஒரு தட்டுத் தட்டலாம் போலிருக்கிறது. கேசட் காலத்தில் நன்றாக ஓடுகிற படத்துக்கு இரண்டு காப்பி வைத்திருப்போம். ஒன்று, இரண்டு என்று முதுகில் மார்க்கரில் எழுதுவோம். ஒன்றாம் நம்பர் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். இரண்டாம் நம்பர் புதுசாக இருக்கும், படம் கண்ணாடி மாதிரி தெரியும். தெரிந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டாம் நம்பரை இரவல் கொடுப்போம். ஒரு படம் என்றால் ஒரு கேசட். ஒரு படத்தை யாராவது இரண்டாக வெட்டி விற்பார்களா? "உனக்கு இன்னா தெரியும், ரெண்டாவது காப்பிதான்டா க்ளியரா இருக்கும். உனக்காகத்தான் இத எடுக்கிறேன்" என்றேன். ஏழு மாதம் காத்திருந்த பிள்ளைக்குத் தேய்ந்த காப்பியைக் காட்டக்கூடாது என்று, நல்லதாகப் பார்த்து இரண்டாவதைப் போட்டேன். நீ ரிமோட்டை அமுக்கினாய்.

படம் தொடங்கியபோதே ஹீரோ பறந்துகொண்டிருந்தான். கீழே பாதி ஊர் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் அழுதாள், அவள் யார், எதற்கு அழுகிறாள், ஒன்றும் தெரியவில்லை. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, இது நடுவுலேர்ந்து வருதுப்பா." "சும்மா பாருடா, இங்கிலீஷ் படம் இப்பிடித்தான் எடுத்த ஒடனே ஆரம்பிக்கும்." "அப்பா, பேரே போடல." "பேரெல்லாம் அவங்க கடைசியிலதான் போடுவாங்க." இதில் நான் சொன்னது சரியாகப் போய்விட்டது. முக்கால் மணி நேரத்தில் வில்லன் செத்தான், முத்தம் கொடுத்தார்கள், பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நாலே முக்காலுக்குப் படம் முடிந்துவிட்டது. போன் அடித்தது.

முதல் போன் ஸ்டெல்லா அக்கா. "இன்னாப்பா இது, வடை வேகறதுக்குள்ள படம் முடிஞ்சிபோச்சி?" இரண்டாவது போன், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கோடி வீட்டுப் பெரியவர். அப்புறம் நிற்கவேயில்லை. நான் மற்ற சிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதில் டிஸ்க் ஒன் என்று போட்டிருந்தது. அப்போதுதான், உன்னிடம் கேட்காமல், உன் முகத்தைப் பார்க்காமல், அதை உள்ளே போட்டேன். எச்சரிக்கை வந்தது, பெயர் வந்தது, ஹீரோ லிஃப்டில் நின்று கொட்டாவி விட்டான். செத்துப்போன வில்லன் கோட்டு சூட்டோடு அதே லிஃப்டில் ஏறினான். கோடி வீட்டுப் பெரியவர் மறுபடி போன் பண்ணி, "ஃப்ளாஷ்பேக் பிரமாதமா இருக்குப்பா" என்றார். ஏரியாவில் பாதிப் பேர் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். சில வருஷம் கழித்து ஏதோ சேனலில் அந்தப் படத்தை நேராகப் போட்டபோது, "கதைய மாத்திட்டாங்க, பழசு மாதிரி இல்ல" என்று ஸ்டெல்லா அக்கா குறைப்பட்டுக்கொண்டாள்.

இதுவரைக்கும் சிரிக்கிற கதை. நீ எப்போதும் இங்கேதான் நிறுத்துவாய். எனக்காகத்தான் நிறுத்துகிறாய் என்று தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

படியில் நாகராஜண்ணா ஏறிவரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே மச்சினன். "யாரு போட்டது?" என்றார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நவநாள் ஞாபகம் வந்தது, ஏணி ஞாபகம் வந்தது, வீட்டு வாடகை, உன் ஸ்கூல், தங்கவயலில் பூட்டிய வீடு எல்லாம் வந்தது. இவ்வளவும் வந்தது, உன் ஞாபகம் மட்டும் வரவில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தாய். "சின்னப் பையன்ணா. ஆசையா கேட்டான்னு விட்டேன். தெரியாம மாத்திப் போட்டுட்டான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் மிஷின் பக்கம் திரும்பி, எதையோ சரிசெய்கிற மாதிரி ஒரு வயரைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் உன் குரல் கேட்டது. "ஆமா அங்கிள். சாரி அங்கிள்."

"பிள்ளைங்கள இங்க ஏத்தாதே குரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். என் வேலை பிழைத்தது. நீ அந்த மாடிக்கு அப்புறம் வரவேயில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். சர்ச் தெருமுனை வரைக்கும், ஏதாவது கேட்பாய், அழுவாய், ஏன்பா அப்படிச் சொன்னே என்பாய் என்று காத்துக்கொண்டே நடந்தேன். முனையில் நின்று கேட்டாய்: "அப்பா, உன்ன வேலைய விட்டு எடுக்க மாட்டாங்கல்ல?" "மாட்டாங்கடா" என்றேன். "அப்ப பரவால்லப்பா" என்றாய்.

சார்லஸ், அந்த இடத்திலாவது நான் குனிந்து உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் யாருமில்லை. நீயும் நானும்தான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு எழுத்துக்கூட்டி ஞாபகம் இருக்கிறது. "அடுத்த தடவ பாத்துப் போடு" என்றேன். முதலாளி முன்னால் பயத்தில் பொய் சொன்னேன், அதற்கு ஏதாவது ஒரு சமாதானம் இருக்கிறது. யாருமில்லாத தெருவில், உண்மை தெரிந்த உன்னிடமே அந்தப் பொய்யைத் திரும்பச் சொன்னேனே, அதற்கு இவ்வளவு வருஷம் யோசித்தும் ஒரு சமாதானம் கிடைக்கவில்லை. நீ "சரிப்பா" என்றாய். பேக்கரியில் உனக்கு ஒரு கிரீம் பன் வாங்கிக்கொடுத்தேன். நீ பாதியை எனக்குக் கொடுத்தாய். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்கம்மா அன்று என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கதையைச் சொல்லிமுடிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது மீனின் நடுத்துண்டு இரண்டும் உன் தட்டில் விழுந்தன. எனக்கு வால் வந்தது. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் இதுவரை கேட்டதில்லை. வாலையே கேள்வியாக எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்தேன்.

ஸ்கூலில் உனக்கு "செகண்ட் ஹாஃப்" என்று பெயர் வைத்தார்கள். பத்தாவது முடிகிறவரைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் வாரம் அழுதுகொண்டு வந்தாய். அப்புறம் நீயே அதை முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாய், மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நீ சிரித்தாய். இப்போது சொல்கிறாயே, அந்தக் கதை சொல்கிற திறமை அங்கே வந்ததுதான். எல்லாரும் உன்னை ஜாலியான பையன் என்பார்கள். அந்த ஜாலி எங்கே செய்யப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு இருபது வயது இருக்கும்போது, என் பைக்கை எடுத்துப்போய் எங்கேயோ உரசிக்கொண்டு வந்தாய். பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டார்கள் என்றாய். நான் வாசலில் நின்று, தெரு கேட்க, "செஞ்ச தப்ப ஒத்துக்கத் தெரியாதவன்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இப்போது சொல்லுவான், இதோ சொல்லுவான் என்று நின்றேன். உன் கையில் இருந்தது அது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தத் தெருவிலேயே நான் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாய். வெளியே வந்து, "சாரிப்பா, நான்தான் உரசிட்டேன்" என்றாய். அன்றைக்கு அந்த வாக்கியத்தால் நீ என்னை அடிக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ரிசப்ஷன் முடிந்த மறுவாரம் நாகராஜண்ணாவைப் பார்க்கப் போனேன். இப்போது கேபிள் தொழிலெல்லாம் போய், அந்த மாடியில் துளசி வளர்க்கிறார், காது மந்தம். முதலில் அவரிடம் சொல்லிப் பழகலாம், அப்புறம் உன்னிடம் சொல்லலாம் என்று என் கணக்கு. உரக்கக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "அண்ணா, அன்னிக்கி சிடிய மாத்திப் போட்டது பையன் இல்ல, நான்."

தண்ணி ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கொத்து குரு. தெரியும்பா. பிளேயர் பீரோ மேல இருந்துச்சு. ஸ்டூல் போடாம எனக்கே கை எட்டாது. ஒன்பது வயசுப் பையனுக்கு எங்க எட்டும்?"

"தெரிஞ்சே ஏண்ணா ஒண்ணும் சொல்லல?"

"பையன் முன்னாடி அப்பனப் பொய்யன்னு எப்டிச் சொல்றது? நீயே வந்து சொல்லுவேன்னு ராத்திரி சாப்பாடு வரைக்கும் பாத்தேன். மறுநாளும் பாத்தேன். அப்பறம் விட்டுட்டேன். பிடு, விடுப்பா." மறுபடி துளசிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே, "நீ சொல்லியிருந்தாலும் வேலைய விட்டு எடுத்திருக்க மாட்டேன். ஒன்ன மாதிரி மாடி ஏற எவன் வருவான்?" என்றார்.

படி இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை, வேறு எங்கோ வலித்தது. நீ எதைக் காப்பாற்றக் குனிந்து நின்றாயோ, அது அபாயத்திலேயே இருக்கவில்லை. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதனால் நீ செய்தது குறைந்துபோகவில்லை. உனக்குத் தெரிந்த அளவில், ஒன்பது வயதில், நம் மூன்று பேருடைய சோற்றையும் உன் தலையில் தூக்கிக்கொண்டு "ஆமா அங்கிள்" என்றாய். பறக்கிறவனைப் படத்தில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கைதட்டினார்கள். அன்று அந்த அறையில் இருந்த இன்னொருவனுக்கு யாரும் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டியவன் வயரைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

புதுசாகக் கல்யாணமானவனுக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதையும் தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். கிரேஸிடம் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, சாப்பாட்டுக்கு முன்னால். நாளாக நாளாகத் தப்பு பெரிதாவதில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. சொல்கிறவனுடைய வாய்தான் சின்னதாகிக்கொண்டே போகிறது. நாளைக்கு உனக்கொரு பிள்ளை வந்து "அப்பா, அதுல டூன்னு போட்டிருக்கு" என்று சொன்னால், ஒரு தடவை வாங்கிப் பார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார். உனக்குத் தெரிந்த தொழில் பழைய தொழிலாகப் போயிருக்கலாம், அதைப் பிள்ளைதான் முதலில் சொல்லும்.

இதை உன் கையில் கொடுக்கவில்லை, கிரேஸிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு நீங்கள் இருவரும் வருகிறீர்கள். நாகராஜண்ணா வருகிறார், ஸ்டெல்லா அக்கா வருகிறாள், உன் மாமனார் மாமியாரும் வருகிறார்கள். மண்டபத்தில் சிரித்த எல்லாரையும் கூப்பிட நம் வீட்டில் இடமில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் கிரேஸ் இதை உரக்க வாசிக்கவேண்டும், நாகராஜண்ணாவுக்குக் கேட்கிற மாதிரி. சாப்பிட்ட பிறகு என்றால் நான் தூங்கிப்போவேன். வாசிக்கும்போது அடுப்பைப் பார்க்கிறேன், தண்ணி கொண்டுவருகிறேன் என்று நான் எழுந்தால், என் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கும்படி உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். விஷயம் என்ன என்று அவள் கேட்கவில்லை. "சரி, பிடிக்கிறேன்" என்றாள்.

கேட்டு முடித்ததும் நீ வழக்கம்போல ஏதாவது ஜோக் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். "பரவால்லப்பா" என்றும் சொல்லாதே. அதைச் சொல்லவேண்டிய வயதுக்கு முன்னாலேயே நீ சொல்லிவிட்டாய். இந்த ஒரு தடவை பேசாமல் இரு, நான் பேசுகிறேன். என்னை மன்னித்துவிடு மகனே. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை வருஷம் என்னை "அப்பா" என்று கூப்பிட்டதற்கு நன்றி.

இப்படிக்கு,
அந்த சிடியைப் போட்ட உன் அப்பா